எங்கே அளந்தாலும் இருபத்தைந்து

தண்ணீர் பம்பு செய்யும் அந்தப் பட்டறையில் அவரை எல்லோரும் மைக்ரான் என்றுதான் கூப்பிட்டார்கள். நேரில் மைக்ரான் சார், முதுகுக்குப் பின்னால் வெறும் மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் கிடைக்கும் ஒரு கூறுக்குத்தான் அந்தப் பெயர். மற்றவர்களுக்குப் பட்டப்பெயர் வைத்தால் மூக்குக்கு மேல் கோபம் வரும். இவரோ அதைக் கேட்டால் சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்வார்.

பட்டறையின் வாசலை ஒட்டிக் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை, அதுதான் அளவு அறை. கடைசல் முடிந்து, அரைத்து முடிந்து, எந்தத் துண்டும் அவர் மேசையைத் தாண்டித்தான் பம்புக்குள் போக வேண்டும். காலையில் வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். மரப்பெட்டியைத் திறந்து மைக்ரோமீட்டரை எடுப்பார். அதன் இரண்டு தாடைகளையும் மெல்லிய துணியால் துடைப்பார். துண்டை நடுவில் வைத்துத் திருகுவார். டிக், டிக், டிக் என்று மூன்று முறை சத்தம் வரும். நாலாவது டிக் வந்து யாரும் கேட்டதில்லை. அப்புறம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எண்ணைச் சொல்வார். அவர் சொன்னால் சொன்னதுதான், மேல்முறையீடு கிடையாது.

வீட்டிலும் இதே கதைதான். குழாய் மாற்ற வந்தவர் பாவம், ஏதோ வாய்தவறி "அரை இஞ்ச் பைப்பு" என்று சொல்லிவிட்டார். உள்விட்டமா வெளிவிட்டமா என்று தொடங்கி, கால்மணி நேரம் வகுப்பு எடுத்துவிட்டார் மைக்ரான். அன்றைக்கு மத்தியானம் வரை வீட்டில் தண்ணீர் இல்லை. "பைப்பைப் போட விடுங்க, அப்புறம் பாடம் நடத்துங்க" என்று அவர் மனைவி கத்தியது பக்கத்து வீட்டுக்கும் கேட்டது.

புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் நாள் டீ இடைவேளையில் அவர் ஒரு கதை சொல்வார். அதற்கென்று மேசை இழுவையில் ஒரு ஷாஃப்ட்டை வைத்திருந்தார். பம்புக்குள் சுழலும் எஃகுத் தண்டு அது, ஒரு சாண் நீளம், பளபளவென்று இருக்கும். அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "இதப் பாத்து ஒருத்தங்க உருண்டையா இல்லன்னு சொன்னாங்க" என்று ஆரம்பிப்பார். கேட்பவர்கள் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள். பழைய ஆட்களுக்கு அந்தக் கதை மனப்பாடம். ஆனாலும் சிரிக்கும் இடம் வந்தால் சிரிப்பார்கள். ஆறு வருடமாக அந்தக் கதை ஓடிக்கொண்டிருந்தது.

கதையில் வருகிற "ஒருத்தங்க" அந்தப் பட்டறையின் ஃபிட்டரம்மா. கடைசி மேசையில் பன்னிரண்டு வருடம் நின்று வேலை பார்த்தவர். ஷாஃப்ட்டை அது சுழலும் பித்தளைக் குழலான புஷ்ஷுக்குள் பொருத்தி, பம்பை முழுசாகக் கட்டி அனுப்புவதுதான் அவர் வேலை. பொருத்தியதும் ஷாஃப்ட்டை இரண்டு விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவார். அது தானாகவே கொஞ்ச நேரம் சுற்றி நிற்க வேண்டும். சுற்றினால் பெட்டிக்குள் போகும், சுற்றாமல் பிடித்தால் பிரித்துப் பார்ப்பார். அதிகம் பேசமாட்டார். அவர் கையிலிருந்து போன பம்பு எதுவும் திரும்பி வந்ததில்லை என்று முதலாளியே சொல்லியிருக்கிறார்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு காலை, ஃபிட்டரம்மா பதினோரு ஷாஃப்ட்டைத் தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு அளவு அறை வாசலில் வந்து நின்றார்.

"சார், இது உள்ள போகல."

"என்னது போகல? இருபத்தஞ்சு மில்லின்னு போட்டு அனுப்பியிருக்கேன்."

"இருபத்தஞ்சுதான் சார். ஆனா உருண்டையா இல்ல."

மைக்ரானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபது வருடத்தில் யாரும் அவரிடம் திருப்பி எடுத்துக்கொண்டு வந்ததில்லை. அவர் எழுந்து கதவைத் திறந்துகொண்டு பட்டறைக்குள்ளேயே வந்துவிட்டார். அதுதான் அவர் செய்த முதல் தப்பு. அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டிருக்கலாம்.

"உருண்டையா இல்லன்னா? சதுரமா இருக்கா?"

கடைசல் இயந்திரத்தில் நின்றவர்கள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்குப் பதினெட்டு பேர் வேலையில் இருந்தார்கள். பாதிப் பேர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து வளைத்து நின்றுகொண்டார்கள். சிரிப்பைக் கேட்டதும் மைக்ரானுக்கு உற்சாகம் பிறந்தது. ஒரு ஷாஃப்ட்டை எடுத்து ஃபிட்டரம்மா கையிலேயே கொடுத்தார்.

"பிடிம்மா. நீயே திருப்பு. நான் அளக்குறேன்."

அவர் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப, இவர் அளந்தார். டிக், டிக், டிக். இருபத்தைந்து. இன்னும் கொஞ்சம் திருப்பு. இருபத்தைந்து. பன்னிரண்டு இடத்தில் அளந்தார். ஒவ்வொரு முறையும் எண்ணை உரக்கச் சொன்னார். கடைசி நாலைந்து முறை சுற்றி நின்றவர்களும் ஏலம் விடுகிற மாதிரி கூடச் சேர்ந்து கத்தினார்கள்.

"எங்க அளந்தாலும் இருபத்தஞ்சு. குறுக்களவு எல்லாப் பக்கமும் ஒண்ணுன்னா அது என்னம்மா? வட்டம். ஸ்கூல்ல சொல்லித் தரலயா?"

ஃபிட்டரம்மா முகம் சிவந்திருந்தது. ஆனால் விடவில்லை. "அளவு சரி சார், அதை நான் இல்லன்னு சொல்லல. புஷ்ல வெச்சுச் சுத்தினா மூணு இடத்துல பிடிக்குது. இங்க பாருங்க, தேஞ்ச கோடு மூணு இருக்கு. சம தூரத்துல இருக்கு."

"உன் கைதான் பிடிக்குது. கோணலா வெச்சு சுத்தியலால தட்டினா மூணு என்ன, முப்பது கோடு விழும்."

"நான் சுத்தியலத் தொடவே இல்ல சார். முன்னாடி வளைய கேஜ் ஒண்ணு வெச்சிருந்தீங்களே, அதுல விட்டுப் பாருங்க. ஒரு நிமிஷம் ஆகாது."

வளைய கேஜ் என்பது துல்லியமாகத் துளைபோட்ட ஒரு கனத்த எஃகு வளையம். ஷாஃப்ட் அதற்குள் போனால் சரி, போகாவிட்டால் இல்லை. மைக்ரான்தான் அதை எண்ணெய் தடவி அலமாரிக்குள் தூக்கிப் போட்டிருந்தார். போகும், போகாது என்பதைத் தவிர ஒன்றும் சொல்லத் தெரியாத வளையத்தின் மேல் அவருக்கு மதிப்பு கிடையாது. எண் சொல்கிற கருவிதான் கருவி என்பது அவர் கட்சி.

"வளையத்தக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும்னா நான் எதுக்கு இங்க உக்காந்திருக்கேன்?" என்றார்.

அந்த நேரம் பார்த்து முதலாளி வந்து சேர்ந்தார். பம்புகள் அன்றைக்கே போக வேண்டும். மைக்ரான் சோதனைப் பதிவேட்டைத் திறந்து, அழகான கையெழுத்தில் எழுதினார்: அளவு சரி. பொருத்தியவர் சுத்தியல் பயன்படுத்தியதால் தேய்மானம். கீழே ஃபிட்டரம்மாவைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் போட்டார்.

மறுவாரம் அவரைப் பெட்டி ஒட்டும் வேலைக்கு மாற்றினார்கள். ஒரு மாதத்தில் அவரே நின்றுவிட்டார். அவர் இடத்துக்கு வந்த ஃபிட்டர் வாய் திறக்கவே மாட்டார். உள்ளே போகாத ஷாஃப்ட்டுகளை எமரித் தாளால் சத்தமில்லாமல் தேய்த்தே பொருத்திவிட்டார். இரண்டு மாதம் கழித்து அரைக்கும் இயந்திரத்தைப் பிரித்துப் பழுது பார்த்தார்கள். அதற்கப்புறம் ஷாஃப்ட்டுகள் வழுக்கிக்கொண்டு போயின. தொல்லை நின்றுபோனதும், பார்த்தீர்களா, கைதான் காரணம் என்று மைக்ரான் தீர்ப்பை முடித்து முத்திரை குத்திவிட்டார். அந்தப் பதினொன்றில் ஒன்றை ஞாபகத்துக்கு எடுத்து இழுவையில் வைத்தார். அப்படித்தான் அந்தக் கதை பிறந்தது.

இந்தக் கதை அவர் வீட்டிலும் பிரசித்தம். மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே "சதுரமா இருக்கா?" என்ற இடத்தைத் தனியாக நடித்துக் காட்டுவாள். இப்போது அவள் கல்லூரியில் கணிதம் படித்துக்கொண்டிருந்தாள். விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்தவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மரத்தில் அறுத்த ஏதோ துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"அப்பா, ஒரு பந்தயம். உங்க கண்ணக் கட்டுவேன். நான் ஒரு துண்டப் பிடிச்சுக்குறேன், நீங்க அளங்க. எண்ண அம்மா படிப்பாங்க. அது என்ன வடிவம்னு நீங்க சொல்லணும்."

"அளந்து வடிவம் சொல்றதா? எங்கிட்டயா?" என்று மைக்ரான் உற்சாகமாகிவிட்டார். எண் காட்டும் காலிப்பரைத் தானே எடுத்துவந்தார். மகள் அவர் கண்ணைக் கைக்குட்டையால் கட்டினாள்.

அவர் தாடைகளை மூடினார். "அறுபது" என்றார் மனைவி. மகள் துண்டைக் கொஞ்சம் திருப்பினாள். "அறுபது." இன்னும் கொஞ்சம். "அறுபது." காலிப்பரைத் திறக்காமலே மகள் துண்டை அதற்குள் மெதுவாகச் சுற்றினாள். அது எங்கேயும் தளரவில்லை, எங்கேயும் இறுகவில்லை. மனைவி ஏனோ சிரிப்பை அடக்குகிற மாதிரி இருந்தது.

"இதுல கேள்வி என்ன இருக்கு? வட்டம். நல்லா அறுத்திருக்காங்க" என்றார் மைக்ரான்.

மனைவி பொத்துக்கொண்டு சிரித்துவிட்டார். மகள் கண்கட்டை அவிழ்த்தாள். அவள் கையில் இருந்தது மூன்று மூலை உள்ள ஒரு துண்டு. பக்கங்கள் மூன்றும் வெளிப்பக்கமாக உப்பியிருந்தன. முக்கோணம் ஒன்று சாப்பிட்டு வயிறு புடைத்த மாதிரி. மைக்ரான் அதை வாங்கித் தானே அளந்தார். மூலையிலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு அறுபது. வேறு எப்படி வைத்தாலும் அறுபது. அவருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"எப்படி இது?"

"ஒவ்வொரு மூலையிலயும் காம்பஸ் முள்ள வெச்சு, எதிர்ப்பக்கத்த வளைச்சிருக்கு, அவ்வளவுதான். மூணு மூலைன்னு இல்லப்பா, அஞ்சு, ஏழு வெச்சும் பண்ணலாம். ரெண்டு பக்கமும் பிடிச்சு அளந்தா வட்டம் மாதிரியேதான் எண் வரும்." மகளுக்குச் சொல்லச் சொல்லக் குஷி ஏறியது. "விட்டம்னா மையத்து வழியா போற கோடுன்னுதானே ஸ்கூல்ல படிச்சோம்? எங்க பாடத்துல மையமே வேண்டாம். ஒரு கூட்டத்துல எத்தன புள்ளி வேணா இருக்கட்டும், எப்படி வேணா இருக்கட்டும். அதுல எந்த ரெண்டு புள்ளிக்கு நடுவுல தூரம் ரொம்ப அதிகமோ, அந்தத் தூரம்தான் விட்டம். அது எவ்வளவு தூரம்னு சொல்லுமே தவிர, வடிவம் என்னன்னு சொல்லாது. நம்ம குடும்பத்துக்கே போடலாம். ஹாஸ்டல்ல நான், இங்க நீங்க ரெண்டு பேரும், நூத்தி இருபது கிலோமீட்டர். நான் வீட்டுக்கு வந்தா, ஹால்ல இருக்குற உங்களுக்கும் சமையக்கட்டுல இருக்குற அம்மாவுக்கும் நடுவுல பதினாலு அடி."

"அந்தப் பதினாலு அடிய உங்கப்பா என்னைக்குத் தாண்டியிருக்காரு?" என்றார் மனைவி.

மகள் சிரித்துக்கொண்டே, "இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு உங்க ஷாஃப்ட் கதைதான்…" என்று ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திவிட்டாள். சிரிப்பும் அப்படியே நின்றது. அப்பாவைப் பார்த்தாள். உடனே பார்வையைத் துண்டுகளின் பக்கம் திருப்பி அவற்றைப் பைக்குள் போட ஆரம்பித்தாள்.

"எந்தக் கதை? அந்த சுத்தியல் அம்மா கதையா? அதுக்கும் இதுக்கும் என்னடி?" என்றார் மனைவி.

"ஒண்ணும் இல்லம்மா."

மைக்ரான் எழுந்து கை கழுவப் போனார். கையில் ஒரு அழுக்கும் இல்லை. மூணு இடத்துல பிடிக்குது, மூணு கோடு இருக்கு, சம தூரத்துல இருக்கு. ஆறு வருடத்துக்கு முன்னால் கேட்ட குரல் அட்சரம் பிசகாமல் காதில் விழுந்தது. அன்று முழுவதும் அவர் மகளின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் பட்டறைக்குப் போனார். இழுவையிலிருந்த ஷாஃப்ட்டை, V வடிவத்தில் பள்ளம் வெட்டிய எஃகுக் கட்டையின் மேல் வைத்தார். மேலே முள் நகரும் டயலைத் தொடவைத்து, ஷாஃப்ட்டை விரலால் சுற்றினார். முழு உருண்டையாக இருந்தால் முள் அசையக் கூடாது. முள் இருபது மைக்ரானுக்கு மேல் ஏறியது, இறங்கியது. மறுபடி ஏறி இறங்கியது. மறுபடியும். ஒரு சுற்றுக்குள் சரியாக மூன்று முறை.

அலமாரியிலிருந்து வளைய கேஜை எடுத்துப் பழைய எண்ணெயைத் துடைத்தார். ஷாஃப்ட்டை விட்டுப் பார்த்தார். வாயிலேயே நின்றது. அந்த அம்மா சொன்னபடி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அரைக்கும் இயந்திரத்தில் ஷாஃப்ட்டைத் தாங்கும் தகட்டின் உயரம் குறைந்திருந்தால் இப்படி மூன்று முகம் விழும் என்று அவருக்கு இப்போது புரிந்தது. அதைப் பழுது பார்த்ததும் தொல்லை நின்றதற்குக் காரணமும் புரிந்தது. எல்லாம் புரிந்து என்ன? நாற்காலியில் உட்கார்ந்தவருக்குக் காது இரண்டும் சுட்டது. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கண்ணாடிக் கதவைத் திரும்பிப் பார்த்தார். ஷாஃப்ட்டை இழுவைக்குள் தள்ளினார், வளையத்தையும் உள்ளே தள்ளினார், இழுவையைப் பூட்டினார்.

சொல்லிவிட வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தார். நினைத்ததோடு சரி. ஆறு வருடம் ஆகிவிட்டதே, இப்போது கிளறி யாருக்கு என்ன லாபம் என்றது மனசு. அந்த அம்மா எங்கே இருக்கிறாரோ என்றது. முதலாளிக்கு இரத்தக் கொதிப்பு என்றது. சாக்குச் சொல்வதில் அந்த மனசுக்கு இணை கிடையாது. இப்படியே மூன்று வாரம் போனது.

நாலாவது வாரம் கடைசி மேசைக்குப் புது ஃபிட்டர் ஒருவர் வந்தார், முப்பது வயதுப் பெண். டீ இடைவேளையில் எல்லோரும் கூடி நின்றபோது கடைசல்காரர், "சார், உங்க ஷாஃப்ட் கதைய எடுத்து விடுங்க, இவங்க கேட்டதில்ல" என்றார்.

மைக்ரான், இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். உண்மையைச் சொல்லியிருக்கலாம். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாய் தானாகத் திறந்தது. இழுவைச் சாவியை எடுக்காமல், வெறும் கையை நீட்டிக்கொண்டு, "ஒருத்தங்க உருண்டையா இல்லன்னு சொன்னாங்க" என்று ஆரம்பித்துவிட்டார். தெரிந்தே சொன்னார். சதுரமா இருக்கா என்ற இடத்தில் வழக்கம்போல எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

புதுப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. "அப்புறம் அந்தம்மா என்ன ஆனாங்க?" என்று கேட்டார்.

ஆறு வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. கதைக்கு அப்படி ஒரு பாகம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. "வேற வேலைக்குப் போய்ட்டாங்க" என்று மென்று விழுங்கிவிட்டு மைக்ரான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவரை அவருக்கே பார்க்கப் பிடிக்கவில்லை. அளவு தெரியாமல் செய்தது ஒரு பாவம், இது அளந்து பார்த்துச் செய்த பாவம். சாயங்காலம் பெட்டி ஒட்டும் பெண்களிடம் கூனிக் குறுகி விசாரித்தார். துணி வெளுத்துக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் ஃபிட்டரம்மா வேலை செய்வதாகச் சொன்னார்கள்.

மறுநாள் மத்தியானம் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனார். ஷாஃப்ட்டையும் வளையத்தையும் ஒரு துணிப்பைக்குள் போட்டுக்கொண்டார். அது ஒரு நீளக் கொட்டகை. உள்ளே நீராவி, சோடா வாசனை, பெரிய உருளைகளுக்கு நடுவில் நசுங்கி வரும் வெள்ளைப் போர்வைகள். எதிரெதிரே நின்று இரண்டு இரண்டு பேராகப் போர்வையை மடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் ஃபிட்டரம்மா. தலை நரைத்திருந்தது. கை விரல்கள் ஊறி வெளுத்திருந்தன. மைக்ரானைப் பார்த்ததும் அவர் கை ஒரு கணம் நின்றது. அப்புறம் அந்தப் போர்வையை முழுசாக மடித்து அடுக்கிவிட்டுத்தான் வெளியே வந்தார்.

"என்ன சார் இவ்வளவு தூரம்?"

மைக்ரான் பையைத் திறந்து ஷாஃப்ட்டையும் வளையத்தையும் நீட்டினார். ஃபிட்டரம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். ஷாஃப்ட்டின் நுனியை வளையத்தின் வாயில் வைத்து, கண்ணை லேசாக மூடிக்கொண்டு, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார்.

"மூணு இடத்துல பிடிக்குது" என்றார்.

"ஆமாங்க. நீங்க சொன்னது சரி. நான் அளந்த விதம் தப்பு. எங்க அளந்தாலும் ஒரே எண் வரும், ஆனா உருண்டையா இருக்காது, அப்படி ஒரு வடிவம் இருக்குங்க. எனக்குத் தெரியாமப் போச்சு. நீங்க வளையத்துல விட்டுப் பாக்கச் சொன்னப்பவாவது நான் பாத்திருக்கணும்." அந்தக் காலத்தில் நீ, வா, போ என்று பேசியவர் இப்போது வார்த்தைக்கு வார்த்தை மரியாதை சேர்த்தார். "என்ன மன்னிச்சிருங்க."

ஃபிட்டரம்மா ஷாஃப்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று கோடும் இன்னும் தெரிந்தன.

"எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே சார். அத எங்கிட்ட வந்து சொல்றீங்க."

ஃபிட்டரம்மாவே மேலே பேசினார்.

"அங்கயிருந்து நின்ன பிறகு மூணு பட்டறைக்கு வேலை கேட்டுப் போனேன். ரெண்டு இடத்துல, ஓ, அந்த சுத்தியல் அம்மா நீங்கதானான்னு கேட்டுச் சிரிச்சாங்க. உங்க கதை எனக்கு முன்னாடி போய் உக்காந்திருந்துச்சு. மூணாவது இடத்துல நானே வாசலோட திரும்பிட்டேன். பொய்யில்ல சார், கொஞ்ச நாள் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, ஒருவேள நாமதான் தட்டிட்டோமோன்னு."

அந்தக் கடைசி வாக்கியம்தான் மைக்ரானை உடைத்தது. நடைபாதையில் நின்றுகொண்டு, போகிற வருகிறவர்கள் பார்க்க, கண்ணைத் துடைத்தார். "முதலாளிகிட்ட பேசுறேன். பழைய மேசைக்கே…"

"நான் வேலை கேட்டனா?" என்றார் ஃபிட்டரம்மா. குரல் உயரவில்லை. "இன்னும் அந்தக் கதையச் சொல்றீங்களாமே?"

இல்லை என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. சொல்லவில்லை. "நேத்துகூடச் சொன்னேங்க. விஷயம் தெரிஞ்ச பிறகும் சொன்னேன்."

ஃபிட்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். இப்படி ஒரு பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. உள்ளே யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். ஷாஃப்ட்டையும் வளையத்தையும் அவரே பைக்குள் போட்டு, பையின் காதை மைக்ரான் கையில் மாட்டினார்.

"அப்ப இனிமேலும் சொல்லுங்க. நிறுத்த வேண்டாம். அன்னைக்கு எல்லாரையும் கூட்டிவெச்சுத்தான சொன்னீங்க, அதே மாதிரி சொல்லுங்க. முடிவ மட்டும் சரியாச் சொல்லுங்க."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நீராவிக்குள் போய்விட்டார்.

மறுநாள் டீ இடைவேளைக்கு மைக்ரான் முதலாளியையும் கூப்பிட்டிருந்தார். அந்தப் பதினெட்டு பேரில் பதினோரு பேர் இன்னும் அங்கேதான் இருந்தார்கள். அளவு அறை வாசலிலிருந்து கடைசி மேசை வரைக்கும் அவர் நடந்தார். பட்டறையில் அதைவிடத் தூரமான இரண்டு இடம் கிடையாது. இருபத்தாறு வருடத்தில் அவர் அந்த மேசை வரைக்கும் வந்ததை யாரும் பார்த்ததில்லை. மேசைமேல் மைக்ரோமீட்டர், V கட்டை, டயல், வளையம், பழைய பதிவேடு எல்லாவற்றையும் வைத்தார்.

கதையை ஆதியிலிருந்து சொன்னார். சதுரமா இருக்கா என்று கேட்ட இடத்தில் எல்லோரும் வழக்கம்போலச் சிரித்தார்கள். சிரிப்பு தானாக அடங்கும் வரை அவர் ஷாஃப்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் டயலில் வைத்துச் சுற்றினார். முள் மூன்று முறை ஏறி இறங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். வளையத்தில் விட்டார், போகவில்லை. கடைசல்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். முதலாளி பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மைக்ரான் பதிவேட்டில் தன் பழைய கையெழுத்துக்குக் கீழே எழுதினார்: அளவு சரி, உருண்டை இல்லை. பொருத்தியவர் சொன்னதே உண்மை. சோதித்தவர் தவறு. எழுதும்போது எழுத்து கோணிக்கொண்டு போனது. அந்தப் பதிவேட்டிலேயே அசிங்கமான கையெழுத்து அதுதான்.

இப்போதும் புதிதாக யார் வந்தாலும் முதல் நாள் அவர் அந்தக் கதையைச் சொல்கிறார். இரண்டு மாதத்துக்கு முன்னால் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் வந்திருந்தபோது அவர்களையும் நிற்கவைத்துச் சொன்னார். சிரிக்கும் இடத்தில் இன்னும் சிரிக்கிறார்கள், அது அவர் எழுப்பிய சிரிப்புதான். ஒவ்வொரு முறையும் அது அடங்கும் வரை அவர் அங்கே நின்றாக வேண்டும். அந்த நேரத்தில் அவர் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. முடித்த பிறகு, யாரும் கேட்காவிட்டால், அந்தம்மா என்ன ஆனாங்கன்னு கேளுங்க என்று அவரே சொல்கிறார். யாராவது கேட்பார்கள்.

"போர்வை மடிக்கிறாங்க" என்பார். "என்னால."